ஸ்டேஷனில் இறங்கிய மூட்டை

பேரிடர்க் காலத்தில் நிவாரணப் பொருள் மக்களின் கைக்குப் போய்ச் சேர்வது பற்றிப் பேச அரக்கோணத்தைத் தேர்ந்தெடுத்தவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பட்டாலியன் இங்கேதான் இருக்கிறது. கடற்படையின் ராஜாளி விமானத் தளமும் இங்கேதான். ஆனால் நான் தொடங்க விரும்புவது இந்த ஊர் ரயில்வே ஜங்ஷனிலிருந்து.

1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தின்போது, வங்கத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த தானியம் சென்னைக் கடற்கரையில் மலையாகக் குவிந்தது. கடப்பை, பெல்லாரிப் பக்கம் போகும் ரயில் பாதை இந்த ஜங்ஷனில்தான் பிரிகிறது. பாதை இருந்தது, தானியமும் இருந்தது. ஆனாலும் லட்சக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். ஸ்டேஷனில் இறங்கிய மூட்டையை ஊருக்குள் கொண்டுபோக வண்டிமாடு இல்லை. தீவனமின்றி அவை முன்னமே செத்துப்போயிருந்தன. வணிகர் சொன்ன விலை கொடுக்க ஏழையிடம் காசும் இல்லை. அரசோ சந்தை பார்த்துக்கொள்ளும் என்றிருந்தது. அந்த ஸ்டேஷனுக்கும் குடிசைக்கும் இடைப்பட்ட தூரம்தான் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

2015 டிசம்பரில் சென்னை விமான நிலையம் வெள்ளத்தில் மூழ்கியபோது ராணுவ விமானங்களும் பயணிகள் விமானங்களும் ராஜாளியில் இறங்கின. பெருமைதான். ஆனால் விமானம் இறங்கிய இடத்திலிருந்து சென்னைக்கு எழுபது கிலோமீட்டர். அதற்கப்பால் மழைநீர் நிறைந்த தெருக்கள். அந்தத் தெருக்களுக்குள் போனவை பெரும்பாலும் மீனவர்களின் படகுகள். அடுத்த வெள்ளம் வரும்முன் எந்தக் குப்பத்தில் எத்தனை படகு, ஏற்றிவர எந்த லாரி என்று நம்மிடம் எழுத்தில் இருக்க வேண்டாமா?

2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் பழைய துணி மூட்டைகள் சாலையோரம் கிடந்து வீணாயின. கேட்காமல் அனுப்பியவை அவை. வீடிழந்தவர்களுக்கு வேண்டியிருந்தது சமைக்கப் பாத்திரம், பிறகு வலையும் படகும். ஒருங்கிணைப்பு மையம் அமைத்து, யாருக்கு என்ன வேண்டும் என்று ஊர் ஊராகக் கேட்டறியத் தொடங்கிய பிறகே உதவி ஒழுங்குக்கு வந்தது. மீனவர் பஞ்சாயத்துகள் தலைக்கட்டுக் கணக்கில் பங்கிட்டன. அடிதடியில்லாமல் பொருள் போனதற்கு அது பெரிய காரணம். ஆனால் அந்தக் கணக்குக்கு வெளியே நின்ற விதவைகளும், கரையோரத் தலித் குடும்பங்களும் பல இடங்களில் விடுபட்டார்கள். பட்டியலில் பேர் இல்லாதவரின் பசியை எந்தக் கிடங்கும் தீர்ப்பதில்லை. 2023 மிக்ஜாம் புயலுக்குப் பின் 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடைகளில் டோக்கன் வழியே விரைவாகப் போனது. அட்டையில்லாதவர்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

இன்றைய நிகழ்ச்சி நிரலில் கிடங்கு பற்றியும் போக்குவரத்துக் கணினி முறை பற்றியும் அருமையான கட்டுரைகள் இருக்கின்றன. பட்டியலை யார் எழுதுகிறார், யார் சரிபார்க்கிறார் என்பது பற்றி ஒன்றுகூட இல்லை. சுற்று வட்டாரத்து ரேஷன் கடைப் பணியாளர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். தலைவர் என்ற உரிமையில் நிரலைச் சற்று மாற்றுகிறேன். தயவுசெய்து மேடைக்கு வாருங்கள். முதல் அமர்வில் நீங்கள் பேசுங்கள், நாங்கள் குறிப்பெடுக்கிறோம்.