படகுக்காரர் மகனும் ராக்கெட்டும்

(இராமநாதபுரத்தில் பஞ்சாலை, விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஷிப்டு முடித்து வந்தவர்களும், மிளகாய்க் காட்டிலிருந்து நேரே வந்தவர்களும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். இன்று விண்வெளியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், "நமக்கும் ஆகாயத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சில தோழர்கள் சிரித்தார்கள். நம் ஜில்லாவின் தீவிலிருந்தே ஆரம்பிப்போம்.

1931 அக்டோபர் 15-ந் தேதி ராமேசுவரத்தில் பிறந்தவர் அப்துல் கலாம். தகப்பனார் ஜைனுலாப்தீன் படகுக்காரர். யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் சென்றவர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது ராமேசுவரத்தில் ரயில் நிற்கவில்லை. ஓடும் ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வீசியெறிவார்கள். உறவினர் சம்சுதீனுக்காக அவற்றை எடுத்து வந்து கொடுத்துக் கூலி பெற்றான் அந்தச் சிறுவன். புளியங்கொட்டை பொறுக்கி விற்றாலும் நாளுக்கு ஓரணா கிடைத்தது. பரம ஏழைக் குடும்பம் என்று மிகைப்படுத்த வேண்டாம். அவர்களுக்குச் சொந்தக் கல்வீடு இருந்தது. நம்மில் பலருக்கு அதுவும் கிடையாது.

ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தார். பிறகு சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. சேருவதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டும். தகப்பனாரிடம் அவ்வளவு பணம் இல்லை. தமக்கை ஜோஹரா தம்முடைய தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், தோழர்களே! தம்பியின் மூளை அன்று அடகுக் கடைக்காரனின் தராசில் அல்லவா நின்றது! அக்காள் கையில் வளையல் இல்லாத வீடுகளில் எத்தனை கலாம்கள் வலை இழுக்கப் போனார்கள்? அந்தக் கணக்கை எந்தச் சர்க்காரும் எழுதி வைக்கவில்லை.

விமானியாக வேண்டும் என்பதே அவருடைய ஆசை. டேராடூனில் நடந்த விமானப்படைத் தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்துக்கொண்டதோ எட்டுப் பேரை! அதன்பின் பாதுகாப்புத் துறையில் எஞ்சினீயர் வேலை. பிறகு கேரளத்து மீனவர் கிராமமான தும்பா. அங்கே மாதா கோவிலே ஆராய்ச்சிக் கூடமாயிற்று. 1963 நவம்பர் 21-ந் தேதி முதல் ராக்கெட் கிளம்பிற்று. மீனவ ஜனங்கள் தங்கள் மண்ணை விட்டுக் கொடுத்ததால்தான் அது நடந்தது. அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 1979 ஆகஸ்ட் 10-ந் தேதி கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18-ந் தேதி ரோகிணியைப் பூமியைச் சுற்ற விட்டது.

அவர் பின்னாளில் ஏவுகணை செய்தவர். 2002-ல் ஜனாதிபதித் தேர்தலில் நாம் கேப்டன் லட்சுமி செகலைத்தான் நிறுத்தினோம். அந்த அரசியல் வேறுபாட்டை மறைக்கவில்லை. ஆனால் ஜோஹராவின் வளையல் நம் விஷயம்.

பறக்க ஆசைப்பட்ட நம்மூர் எஞ்சினீயர் தரையிலேயே நின்றார். சோவியத் நாட்டில் ஓர் எஞ்சினீயர் பறந்தார். கான்ஸ்தந்தீன் பியோக்திஸ்தோவ், வரோனிஷ் நகரத்துக் கணக்கர் ஒருவரின் மகன். 16 வயதில் செஞ்சேனைக்கு வேவு பார்க்கப் போனபோது நாஜிகள் பிடித்துச் சுட்டார்கள். குண்டு தாடையில் புகுந்து கழுத்து வழியே வெளியேறியது, பிழைத்தார். மாஸ்கோவில் பொறியியல் படித்து, ககாரின் பறந்த வஸ்தோக் கலத்தை உருவாக்கியவர்களில் ஒருவரானார். அவர் விமானியல்லர். ஆனாலும் 1964 அக்டோபர் 12-ந் தேதி, தாம் வடிவமைத்த வஸ்ஹோத் கலத்தில் தாமே ஏறினார். மூவர் நெருக்கியடித்து உட்கார வேண்டியிருந்ததால் விண்வெளி உடைகூட அணியவில்லை!

மில் தோழர்களுக்கு இன்னொரு பெயரும் சொல்வோம்: வலந்தீனா தெரஷ்கோவா. யாரஸ்லாவ்ல் பஞ்சாலையில் வேலை பார்த்தபடியே தபால் வழியில் படித்த பெண். 1963-ல் விண்வெளி சென்ற முதல் மாதர் அவரே. அந்தச் சோவியத் யூனியன் 1991-ல் மறைந்தது. ஆலைத் தொழிலாளிக்குப் படிப்பு உண்டு என்று காட்டிய வழி மறையவில்லை.

நமக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-ந் தேதி ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இந்தக் கரையின் பிள்ளைகள் அங்கே எஞ்சினீயராய் நுழைவார்களா, அல்லது சிமெண்டு சுமக்கவும் கேட்டில் காவல் நிற்கவும் மட்டும்தானா?

ஆகையால் ஒரு வேலை. உங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, பணமில்லாமல் நிற்கும் பிள்ளைகளின் பெயரை எழுதிக் கொடுங்கள். பெண் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். உதவித்தொகை மனுக்களை ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீசில் உட்கார்ந்து எழுதுவோம். வாசலருகே மேசையில் நோட்டு இருக்கிறது.