வணக்கத்துக்கு முன்னால் "வேணாம்"

(மாத்தளை மாவட்டத் தோட்டக் கமிட்டி மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூடிய இடத்தில் பிள்ளை வளர்ப்புப் பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளினிக் போனால் அன்றைக்குப் பேர் இல்லை. ஆகவே இதுவும் சம்பளப் பேச்சுதான்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் நம் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். லயத்தில் அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் "மரியாதை தெரியாதது". 2009இல் வெளிவந்த ஓர் இலங்கை ஆய்வு, நகரை அண்டிய ஒரு பகுதியில் ஒன்றரை முதல் இரண்டு வயதுப் பிள்ளைகளைப் பார்த்து, 93 பேருக்கு ஒருவர் என்று கணக்குச் சொன்னது. தாய் கொழுந்துக்குப் போய்ப் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டதால்தான் இப்படி என்று பேசுகிறவர்கள் உண்டு. தாயின் அன்புக் குறைவால் வருவது என்று ஒரு காலத்தில் படித்த டாக்டர்மாரே சொன்னார்கள். அது பிழை என்று நிரூபணமாகி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. இது பிறவியிலேயே மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. தாய்மாரைக் குத்திப் பேசுவதை முதலில் நிறுத்துவோம்.

இனி மரியாதைக்கு வருவோம். நம் பாட்டன்மாருக்கும் மரியாதை படிப்பித்தார்கள். துரை வந்தால் பாதையை விட்டு இறங்க வேண்டும், குடையை மடக்க வேண்டும், தலைப்பாகையைக் கழற்ற வேண்டும். பயத்தில் படித்த மரியாதை அது. அதனால் கூலி ஒரு சதம் கூடவில்லை. பிள்ளையின் தாடையைப் பிடித்துத் திருப்பி "மாமா முகத்தைப் பார், வணக்கம் சொல்" என்று அதட்டுவது அதே பாடம்தான். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு முகத்துக்கு நேரே பார்ப்பது பெரும் தொல்லை. காதால் கேட்டுக்கொண்டிருப்பார்கள், கண் வேறெங்கோ இருக்கும். அது அவமரியாதை அல்ல.

எங்கள் வகுப்பில் ஐந்து வயதுப் பையன் ஒருவன். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் இருக்கிற பிள்ளையைத் தள்ளுவான். நாங்கள் அவனுக்கு வணக்கம் படிப்பிக்கவில்லை. "வேணாம்", "போதும்", "வெளியே போகணும்" என்று மூன்று அட்டைகள் கொடுத்தோம், படம் வரைந்து. அட்டையைக் காட்டியதும் கேட்டதை உடனே கொடுத்தோம். இழுத்தடித்தால் அட்டை வெறும் அட்டையாகிவிடும். சில வாரங்களில் தள்ளுவது குறைந்தது. நின்றுவிடவில்லை, குறைந்தது. "வேணாம்" என்று சொல்லத் தெரிந்த பிள்ளை கடிக்கவேண்டியதில்லை.

அதன் பிறகுதான் முறை காத்து நிற்பது. அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1991இல் அறிமுகப்படுத்திய வழி ஒன்று இருக்கிறது: பிள்ளைக்கு விளங்காத இடத்தைப் பற்றி, பிள்ளையே சொல்வதுபோல் ஒரு சிறு கதை எழுதிக்கொடுப்பது. கட்டளை குறைவாகவும் விளக்கம் கூடுதலாகவும் இருக்க வேண்டும். பீலிக்கு நாங்கள் எழுதியது இது: "பீலியில் நிறையக் குடம் இருக்கும். முன்னால் வந்தவர் முதலில் பிடிப்பார். பிறகு என் முறை வரும். அதுவரை நான் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்." தினமும் போவதற்கு முன் வாசித்துக் காட்டினோம். வாசிக்கத் தெரியாத அம்மா படம் பார்த்தே சொன்னார். எங்களைவிட நன்றாகச் சொன்னார்.

லயமும் கொஞ்சம் மரியாதை படிக்க வேண்டும். பத்தடிக் காம்பராவில் பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் அலறும்போது இந்தப் பிள்ளை எங்கே ஓடும்? மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக ஆசை இருந்தால், கூட்டமில்லாத நாளில் கோயிலையும் தேர்களையும் ஒருமுறை காட்டுங்கள். பஞ்சரத பவனியன்று சற்றுத் தள்ளி நின்று பார்த்து, பிள்ளை போதும் என்றதும் திரும்பிவிடுங்கள். அம்மன் கோபிக்கமாட்டாள்.

இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை, பெயர் சொன்னால் திரும்பவில்லை என்றால் மருத்துவிச்சி அம்மாவிடம் சொல்லி, மாத்தளை ஆஸ்பத்திரிக்கோ பேராதனைச் சிறுவர் ஆஸ்பத்திரிக்கோ கடிதம் கேளுங்கள். "வளர வளரச் சரியாகிவிடும்" என்றால் மறுபடியும் கேளுங்கள். பாடசாலையில் சேர்க்க மறுத்தால், 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனத்தைக் காரணம் காட்டிப் பாரபட்சம் செய்வதைத் தடுக்கிறது என்று சொல்லுங்கள். நாங்களும் கூட வருகிறோம்.

நிர்வாகத்திடம் நாம் வைக்கப்போவது இரண்டு கோரிக்கைகள். கிளினிக் நாளில் தாய்க்கோ தகப்பனுக்கோ முழுப்பேர் போட வேண்டும். பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பிள்ளைகளைப் பற்றிய பயிற்சி வேண்டும். சுகாதாரப் பகுதியிடம் ஒரு கோரிக்கை: பேச்சுப் பயிற்சி தமிழில் நடக்க வேண்டும். கிளினிக்கில் ஒரு மொழியும் காம்பராவில் ஒரு மொழியும் என்றால், ஒரு சொல்லுக்கே தடுமாறுகிற பிள்ளை என்ன செய்யும்? கடிதம் மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள்.

பிள்ளைக்காம்பரா ஆயாமார் மட்டும் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள். அட்டை வெட்டக் கத்தரிக்கோலும் பழைய பிரிஸ்டல் போர்டும் கொண்டுவந்திருக்கிறோம்.