வெட்கப்பட்டு வலியைச் சுமக்க வேண்டாம்

(மும்பையில் நடந்த மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில், ஓய்வு பெற்ற நர்ஸான நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ப்ராஸ்டேட் வீக்கம் பற்றிப் பேசப் போகிறேன் என்றதுமே முன் வரிசையில் சில மாமாக்கள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்கள். மாமிகள் சிலர் தலையைக் குனிந்து கொண்டார்கள். இந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் இன்று முக்கியமாகப் பேச வேண்டும்.

என் அப்பாவுக்கு அப்போது 71 வயது. ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருப்பார். கேட்டால், "வயசானால் அப்படித்தான்" என்பார். ஒரு நாள் ஜலதோஷத்துக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக் கொண்டார். மறுநாள் சிறுநீர் இறங்கவில்லை. அடிவயிற்றில் தாங்க முடியாத வலி. அம்மாவிடம் "வாயு" என்றார். அம்மா ஓமம் போட்டு ஜலம் காய்ச்சிக் கொடுத்தாள். பக்கத்தில் இருந்த ஒரு நர்ஸிங் ஹோமில் வலிக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "கடைசியாக எப்போது சிறுநீர் போனீர்கள்?" என்று யாரும் கேட்கவில்லை.

நைட் டியூட்டி முடிந்து வந்த நான் அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தொப்புளுக்குக் கீழே பந்து மாதிரி கெட்டியாக இருந்தது. ஆஸ்பத்திரியில் கதீட்டர் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வெளியேறியது. அவர் முகம் தெளிந்தது. "ஏம்ப்பா என்னிடம் சொல்லவில்லை?" என்றேன். "பெத்த பெண்ணிடம் இதை எப்படிம்மா சொல்றது?" என்றார். எனக்கு அப்போது இருபது வருஷ சர்வீஸ். எத்தனையோ பேருக்குப் பணிவிடை செய்த எனக்கு, சொந்த அப்பாவின் வலி தெரியாமல் போயிற்று.

ப்ராஸ்டேட் சுரப்பி மூத்திரப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கிறது. வயதாக ஆக அது பெருத்துக் குழாயை நெரிக்கிறது. இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல. ஆனால் இரண்டின் அறிகுறிகளும் ஒன்றுபோல் இருக்கலாம் என்பதால் பரிசோதனை அவசியம். சிறுநீர் மெல்லியதாக வருவது, ஆரம்பிக்கத் தாமதமாவது, முடிந்த பின்னும் சொட்டுவது, ராத்திரி அடிக்கடி எழுந்திருப்பது ஆகியவை ஆரம்ப அறிகுறிகள். சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, காய்ச்சலும் குளிரும் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

திடீரென்று முழுவதும் அடைத்துக் கொண்டால் வலி மாத்திரையால் தீராது. தேங்கிய சிறுநீரை வெளியேற்றுவதுதான் வைத்தியம். சிலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கும்போது வலியே இராது; சத்தமில்லாமல் சிறுநீரகம் கெடும். வயதானவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால், சிறுநீர் போகிறதா என்றும் பாருங்கள்.

மாத்திரை விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். ஜலதோஷ மாத்திரைகள் பல, சிறுநீரை அடைக்கக் கூடியவை. டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். டாம்சுலோசின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எழுந்தவுடன் தலை சுற்றலாம். ராத்திரி எழும்போது கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, பிறகு நடக்கட்டும். காடராக்ட் ஆபரேஷனுக்கு முன் இந்த மாத்திரையைப் பற்றிக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கதீட்டருடன் வீட்டுக்கு வந்தவரைக் கவனிப்பது பெரும்பாலும் மாமிகள்தான். தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ட்யூப் நுழையும் இடத்தைத் தினமும் சோப்பும் தண்ணீரும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவினால், மறக்காமல் பழையபடி முன்னே கொண்டு வர வேண்டும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையில் படக்கூடாது. முக்கால் பங்கு நிரம்பும் முன் காலி செய்யுங்கள். ட்யூப் மடங்காமல், தொடையில் பிளாஸ்திரி போட்டு நிறுத்துங்கள். உள்ளே தண்ணீர் நிரப்பிய சின்ன பலூன் இருப்பதால்தான் அது நழுவாமல் நிற்கிறது. பிடித்து இழுத்தால் உள்ளே கிழிந்துவிடும். இருதய, சிறுநீரகக் கோளாறு காரணமாக டாக்டர் தடுத்திருந்தாலொழிய, பகலில் தாராளமாக ஜலம் கொடுங்கள்.

ஆபரேஷனுக்குப் பின் சில நாள் சிறுநீர் இளஞ்சிவப்பாக வருவது சகஜம். கதீட்டர் இருந்தும் "அவசரமாகப் போகணும்" என்று துடித்தால், முதலில் பையைப் பாருங்கள். சலைன் உள்ளே போய்க் கொண்டே இருந்து, பையில் ஒன்றும் இறங்காவிட்டால் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். நன்றாக இறங்கியும் வலித்தால் அது மூத்திரப்பை சுருங்குவதால் வரும் பிடிப்பு. முக்கக் கூடாது. அதற்குத் தனி மருந்து உண்டு.

வலியைப் பற்றிக் கேட்கும் முறையும் முக்கியம். "வலிக்கிறதா?" என்றால் நம் பெரியவர்கள் "பரவாயில்லை" என்பார்கள். "பத்துக்கு எத்தனை?" என்று கேளுங்கள்; எண்ணைச் சொல்லிவிடுவார்கள். டாக்டர் வேளை குறித்துக் கொடுத்த மருந்தை அந்தந்த வேளைக்குக் கொடுங்கள். வலி முற்றிய பின் கொடுத்தால் அடங்க நேரமாகும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை வயதானவர்களின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். ட்ரமடால் மாதிரி மாத்திரைகள் மலச்சிக்கல் உண்டாக்கும், சிறுநீரையும் தடுக்கலாம். மலச்சிக்கலால் முக்கினால் ஆபரேஷன் செய்த இடத்தில் மறுபடி ரத்தம் வரும். ஆகவே நார்ச்சத்துள்ள ஆகாரம் கொடுங்கள். சில வாரங்கள் கனமான பொருள் தூக்க விடாதீர்கள்.

அந்த நாளுக்குப் பிறகு அப்பா என்னிடம் எதையும் மறைக்கவில்லை. காலையில் காபி குடிக்கும்போது, "ராத்திரி இரண்டு தடவைதான் எழுந்தேன்" என்று அவராகவே சொல்வார். மாமாக்களே, இன்று வீட்டுக்குப் போனதும் மாமியிடம் அந்தக் கணக்கைச் சொல்லுங்கள். மாமிகளே, அவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.