குறை கண்டவர் எங்கே சொல்வது?



பாகலூரில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் இளைஞன் ஒருவன், சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் என்னைத் தேடி வந்தான். பொறியியல் படிப்பவன். தன் கல்லூரியின் இணையத்தளத்தில் மதிப்பெண் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தின் முகவரி முடிவில் தன் பதிவெண் நிற்பதைக் கண்டானாம். விளையாட்டாக அதன் கடைசி இலக்கத்தோடு ஒன்றைக் கூட்டிப் போட்டிருக்கிறான். வேறொரு மாணவியின் மதிப்பெண்ணும், அவள் தந்தையின் பெயரும், தொலைபேசி எண்ணும் திரையில் வந்து நின்றன. பையன் பயந்துபோய்த் திரையை மூடிவிட்டான். "சார், இதை யாரிடமாவது சொல்லலாமா? சொன்னால் என்மேலேயே கேஸ் போட்டுவிடுவார்களா?" என்று கேட்டான்.

இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் அந்தக் கேள்விதான்.

கணிப்பொறிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைத் தொகுதியை மென்பொருள் என்கிறோம். மனிதர் எழுதுவதாகையால் அதில் பிழை இருக்கும். கணக்கைத் தவறாகக் கூட்டுவது ஒருவகைப் பிழை. நுழையக் கூடாதவர் நுழைவதற்கு வழிவிடுவது மற்றொரு வகை. அதனைப் பாதுகாப்புக் குறை என்பர். இதில் ஒரு விசித்திரம் உண்டு. இத்தகைய குறையைக் கண்டுபிடிப்பவர் பல வேளைகளில் மென்பொருளை எழுதியவரும் அல்லர், விலை கொடுத்து வாங்கியவரும் அல்லர். வழியே போகும் மூன்றாம் மனிதர்.

எங்கள் பக்கத்து மக்களுக்கு இந்நிலைமை புதிதன்று. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, கர்நாடகத்தைக் கடந்து எங்கள் வட்டாரத்தின் வழியாகவே தமிழகத்துள் நுழைகிறது. கெலவரப்பள்ளி அணையிலிருந்து திறந்துவிடும் நீரில் வெள்ளை நுரை குவியல் குவியலாக எழுந்ததைப் பத்திரிகைகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். நுரையைக் காண்பவன் கரையில் நிற்கும் உழவன். அதன் காரணமோ ஆற்றின் மேற்பகுதியில், வேறொரு மாநிலத்தில் இருக்கிறது. அவன் போய்ச் சொல்வதற்கு ஓர் இடம் வேண்டும். அவ்விடத்தில் இருப்பவர், மேலே உள்ளவரைக் கூப்பிட்டுக் கேட்க வல்லவராகவும் இருக்கவேண்டும்.

மென்பொருள் உலகில் அத்தகைய இடம் ஒன்று தோன்றியது 1988-இல். அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் நாள், அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் எழுதிய சிறு நிரல் ஒன்று, வலைப்பின்னலில் இணைந்திருந்த ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் தானே பெருகிப் பரவி, அவற்றைச் செயலிழக்கச் செய்தது. அன்றிரவே அவருடைய நண்பர் ஒருவர், இதைத் தடுக்கும் வழி இன்னது என்று பெயரில்லாமல் ஒரு செய்தி அனுப்பினார். வலைப்பின்னலே முடங்கிக் கிடந்ததால், அச்செய்தி உரிய நேரத்தில் எவருக்கும் போய்ச் சேரவில்லை! மருந்து இருந்தது, வாங்கிப் பங்கிட ஆள் இல்லை. அந்த மாதமே அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவு, பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை நிறுவியது. பின்னாளில் பல நாடுகள் அமைத்த குழுக்களுக்கு அதுவே முன்மாதிரி.

நம் நாட்டில் அப்பணியைச் செய்வது செர்ட்-இன் எனப்படும் இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழு. 2004 ஜனவரியில் டில்லியில் பணி தொடங்கிற்று. திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70-பி பிரிவு அதற்குச் சட்டபூர்வமான தகுதி அளித்தது. குறை கண்டவர் எவராயினும் அதற்கு எழுதலாம். பட்டம் வேண்டா, பதவி வேண்டா. எந்த மென்பொருள், அதன் எந்தப் பதிப்பு, எவ்வாறு செய்தால் குறை வெளிப்படுகிறது, அதனால் விளையக்கூடிய தீங்கு என்ன, உற்பத்தியாளருக்குத் தெரிவித்தாயிற்றா என்பனவற்றை எழுதினால் போதும்.

கடிதம் சேர்ந்தபின் நடப்பது ஒருவகைத் தூதுவர் வேலை. குழுவினர் முதலில் குறை உண்மைதானா என்று பார்ப்பர். பின்பு உற்பத்தியாளருக்கு இரகசியமாகத் தெரிவிப்பர். திருத்தம் ஆயத்தமாகும் வரை செய்தியை வெளியிடாமல் காப்பர். காப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பிட்ஸ்பர்க் மையம் பொதுவாக 45 நாட்களை எல்லையாகக் கொண்டிருக்கிறது. எல்லை இல்லையேல் சோம்பேறியான உற்பத்தியாளர் என்றென்றும் உறங்கிவிடுவார். இறுதியில் குறைக்கு ஓர் எண் சூட்டி உலகுக்கு அறிவிப்பர். சி.வி.இ. எனப்படும் இந்த எண் வரிசை 1999-இல் அமெரிக்காவில் தொடங்கியது. 2014-இல் உலகையே அச்சுறுத்திய 'ஹார்ட்பிளீட்' என்ற குறையை எந்நாட்டு வல்லுநரும் சி.வி.இ.-2014-0160 என்றே அறிவார். அத்தகைய எண்களை வழங்கும் உரிமை செர்ட்-இன் குழுவுக்கு 2021-இல் கிடைத்தது.

அதே 2021-இல், சென்னைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், ஆகஸ்ட் 30-ஆம் நாள் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் இரயில் பயணச்சீட்டுப் பதிவு செய்யச் சென்றார். எண் ஒன்றை மாற்றினால் பிற பயணிகளின் பெயர், வயது, பயண விவரம் யாவும் தெரிவதைக் கண்டார். நம் பாகலூர்ப் பையன் கண்டதும் இதே சாதிக் குறைதான். பிறர் சீட்டை அவர் அறியாமலே ரத்துச் செய்யவும் இது இடங்கொடுக்கக் கூடும் என்று அம்மாணவர் உணர்ந்து, செர்ட்-இன் குழுவுக்கு எழுதினார். சில நாட்களில் குறை சரிசெய்யப்பட்டது. கோடிக்கணக்கான மக்கள் பயன்படுத்தும் தளம் அது. கண்டவரோ பள்ளிச் சிறுவர்.

ஓசூரையும் சற்று நினைத்துப் பாருங்கள். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது முதல் இவ்வட்டாரம் இயந்திரங்களால் வாழ்கிறது. இன்று ஒரு சிறு பட்டறையின் கடைசல் இயந்திரத்திலும் கணிப்பொறி இருக்கிறது. அதன் மென்பொருளில் ஒரு குறை என்று டில்லியிலிருந்து அறிவிப்பு வெளிவருகிறது என்று வைத்துக்கொள்வோம். படிப்பவர் யார்? பட்டறை முதலாளிக்கு ஆர்டர் முடிக்கவேண்டிய அவசரம். திருத்தத்தை ஏற்ற இயந்திரத்தை நிறுத்தவேண்டும். நிறுத்தினால் ஒரு ஷிப்டு போயிற்று. ஆகவே, குறைகளைத் திரட்டுவதோடு அரசாங்கத்தின் வேலை முடிந்துவிடவில்லை. அறிவிப்பு ஆங்கிலத்தில் வருகிறது, பட்டறை தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் பேசுகிறது என்பதையும் நான் மனத்தாங்கலோடு சொல்லவேண்டியிருக்கிறது.

இதைவிடப் பெரிய மனத்தாங்கல் ஒன்று உண்டு. அரசாங்கத்துக்கு இரண்டு மனம். குறையைத் திருத்திக் குடிகளைக் காப்பது ஒரு மனம். அதே குறையை மறைத்து வைத்துப் பகைவனை உளவு பார்ப்பது மற்றொரு மனம். அமெரிக்க உளவுத் துறை மைக்ரோசாப்ட் விண்டோஸில் ஒரு குறையை அறிந்து, தன் பயனுக்காக அடக்கி வைத்திருந்தது. அந்தக் கருவி களவு போயிற்று. மைக்ரோசாப்ட் 2017 மார்ச்சில் திருத்தம் வெளியிட்டும், ஏற்றாதவர் பலர். மே 12-ஆம் நாள் 'வான்னாக்ரை' என்ற தாக்குதல் தொடங்கி 150 நாடுகளுக்கு மேல் பரவிற்று. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. சீன நாட்டில், உற்பத்தியாளர் தாம் அறிந்த குறையை 48 மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்ற விதி 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. திருத்தம் பிறக்குமுன்பே அரசாங்கத்தின் கையில் சேர்ந்துவிடும் அப்பட்டியல் எதற்குப் பயன்படும் என்று பிற நாட்டு வல்லுநர் ஐயுறுகின்றனர். அவ்வையத்தில் நியாயம் உண்டு என்றே கருதுகிறேன்.

இனி, பையனின் அச்சத்துக்கு வருவோம். அது வீண் அச்சமன்று. உரியவர் அனுமதியின்றி ஒரு கணிப்பொறியில் புகுந்தால் 43-ஆம் பிரிவின்படி நட்டஈடு கேட்கலாம். வஞ்சகமாகவோ நேர்மையின்றியோ செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. மின்சாரம், வங்கி போன்றவற்றில் பாதுகாக்கப்பட்டவை என்று அரசு அறிவித்த அமைப்புகளில் கை வைத்தால் 70-ஆம் பிரிவு பத்தாண்டு வரை பேசுகிறது. நல்லெண்ணத்தோடு கண்டு சொல்பவருக்கு இவ்வளவு வரை தீங்கில்லை என்று வெளிப்படையாக வரம்பு கட்டும் பிரிவு அச்சட்டத்தில் இல்லை. ஒரு கையால் வா என்கிறோம். மறு கையில் பிரம்பு. பெல்ஜியம் 2023-இல், விதிப்படி நடந்து உரிய காலத்தில் தெரிவிப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. நெதர்லாந்து அரசோ குறை சொல்பவருக்கு ஒரு பனியனைப் பரிசாக அனுப்புகிறது! டச்சு அரசாங்கத்தின் கணிப்பொறியை உடைத்தேன், எனக்குக் கிடைத்தது இந்த அற்பப் பனியன்தான் என்ற பொருளில் அதன்மேல் அச்சிட்டிருக்கும். அப்பனியனுக்காகவே உழைக்கும் இளைஞர் உண்டென்பார்கள்.

பையனிடம் நான் சொன்னது இதுதான்: "தம்பி, ஒரு பக்கம் பார்த்தாய், இரண்டாவது பக்கம் பார்க்காதே. எதையும் நகலெடுக்காதே. நண்பர்களிடம் காட்டிப் பெருமை பேசாதே. கண்டதைக் கண்டபடி எழுது." எழுதினான். அந்த மாணவியின் பெயரை எழுதியிருந்த வரியை மட்டும் நான் அடிக்கச் சொன்னேன். "என் பெயரைப் போடணுமா சார்?" என்று மூன்று நாள் தயங்கினான். நான்காம் நாள் பெயரோடு டில்லிக்கு அனுப்பினான். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. பின்னும் சில வாரம் சென்றபின், அந்தப் பக்கத்தைத் திறந்தால் கடவுச்சொல் கேட்கலாயிற்று. கல்லூரியிலிருந்து நன்றி என்றும் வரவில்லை, நோட்டீஸ் என்றும் வரவில்லை.