நிறுவுதலும் நிறுத்துதலும்



வணிகப் பெயர்ப்பலகைகளில் தொடங்கிய ஆண்டுக்கு முன்னே ஓர் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம் நிற்பதுண்டு. அச்சொல் 'எஸ்டாபிளிஷ்'. பழைய பிரெஞ்சு மொழி வழியே ஆங்கிலம் புகுந்தது. அதன் மூலம், 'உறுதியான' எனப் பொருள்படும் 'ஸ்டாபிலிஸ்' என்னும் இலத்தீன் சொல்; அதற்கும் அடியில் இருப்பது 'ஸ்டாரே', அதாவது நிற்றல். வடமொழியின் 'ஸ்தா' இதற்கு உடன்பிறந்த வேர். எனவே ஸ்தாபனம் என வடக்கிலிருந்தும், எஸ்டாபிளிஷ்மென்ட் எனக் கடல் கடந்தும், ஒரே வேர் இருமுறை நம்மிடம் வந்திருக்கிறது.

தமிழின் வேர் வேறு, எண்ணம் ஒன்றே. நில், நிறு, நிறுவு, நிறுவனம் என அது கிளைக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கு ஐயமற மெய்ப்பித்தல் என்னும் பொருளும் உண்டு. நம் கணித நூல்களும் தேற்றத்தை 'நிறுவுக' என்றே பணிக்கின்றன. ஆனால், தமிழ் வேர் இன்னும் இரண்டு பொருள்களைத் தருகிறது. நிறுத்தல் என்பது எடை போடுதல். நெய்த துணியை மீட்டரில் அளப்பர். பனியன் துணியைக் கிலோவில் நிறுப்பர். இவ்வூரார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றொன்று நிறுத்துதல். நிற்கச் செய்வதும் அதுவே, ஓட்டத்தை முடிப்பதும் அதுவே.

இங்கேதான் எச்சரிக்கை இருக்கிறது. நிறுவப்பட்டது நின்றுபோகவும் கூடும். ஆங்கிலத்திலும் இச்சொல்லின் பெயர்வடிவம் அதிகாரத்தைத் தமக்குள் பிணைத்துக்கொண்டோரைக் குறிக்கலாயிற்று. 1955இல் ஹென்றி ஃபேர்லி என்னும் இதழாளர் அப்பொருளைப் பரப்பினார். நம் சிற்றிதழாளர் 'நிறுவனமாதல்' எனக் கடிந்ததும் இதனையே.

தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு நிலைகள் கூறும்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லை நடுவது நான்காவது நிலையே, முடிவன்று. அதற்குப் படையலிட்டு வாழ்த்த மக்கள் வந்தால்தான் அது நடுகல், வாராவிடில் வெறுங்கல்.

1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அது நிலைபெற்றது தொடக்க விழாவினால் அன்று. நூலகம், கலாசாலை, 'செந்தமிழ்' இதழ், பண்டிதத் தேர்வுகள் எனத் தொடர்ந்த பணிகளே அதனை நிற்கச் செய்தன.

ஓர் இலக்கிய வட்டத்திற்கும் இதுவே அளவுகோல். பழைய உறுப்பினரின் கவிதையும் புதிதாய் வந்த இளைஞரின் கவிதையும் ஒரே தராசில் நிறுக்கப்படும் வரையில் வட்டம் நிற்கும். பெயருக்காக ஒன்றை ஏற்று, பெயரின்மைக்காக மற்றொன்றைத் தள்ளும் நாளில், கூட்டங்கள் நடந்தாலும் அது நின்றுபோனதே ஆகும்.

பத்தாண்டுக்கு முன் கல் நடப்பட்டது. அதனை நாளும் நிறுவுவது இனி எழுதப்படும் கவிதையின் கடமை.

வாழ்க வட்டம்! வளர்க தமிழ்!