அடுக்கும் முன் இடம் வேண்டும்



தேவதானத்தில் எங்கள் பள்ளிக் கணினி பழையது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் திறக்கவே நெடுநேரம் ஆகும். ஹார்டு டிஸ்கில் துண்டு துண்டாகச் சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்க்கும் டிஃபிராக் செய்தேன். பலனில்லை, டிஸ்க் நிரம்பியிருந்தது. மேசையில் இடமில்லாமல் விடைத்தாள்களை அடுக்க முடியுமா? விண்டோஸ் இதை முழுமையாகச் செய்ய 15 விழுக்காடாவது காலியிடம் வேண்டும்.

பட்டியலுக்கு வேறு நகல் இல்லை. எனவே முதலில் அதைப் பென்டிரைவில் எடுத்தேன். வேண்டாத கோப்புகளை நீக்கி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். டிஸ்கில் பிழை உண்டா எனச் சோதித்து, மற்றவற்றை மூடிவிட்டு, மாலையில் ஓடவிட்டேன். மறுநாள் பட்டியல் சட்டெனத் திறந்தது.

எஸ்.எஸ்.டி. உள்ள மடிக்கணினிகளுக்கு மட்டும் இது வேண்டாம், தேய்மானமே மிஞ்சும்.