புதன்கிழமை ஊர்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இளமையைக் கழித்த ஆங்கில நாட்டுச் சிற்றூரைப் பற்றிச் சில சொல்லுமாறு செயலாளர் பணித்தார். நாங்கள் உடன்பிறந்தார் மூவர். எழுபதை ஒட்டிய வயதினர். மூவரும் ஒத்துக்கொண்ட செய்திகளையே இங்குச் சொல்லுகின்றோம். ஒருவர் நினைவை மற்றவர் மறுத்தவிடத்து அதனை விட்டுவிட்டோம். அவ்வாறு விடப்பட்டவையே மிகுதி.

ஊரின் பெயர் ஆஸ்வெஸ்ட்ரி. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில், வேல்ஸ் நாட்டு எல்லைக்கு ஏறத்தாழ 5 மைல் இப்பால் உள்ளது. எங்கள் காலத்தில் அதன் மக்கள்தொகை பத்தாயிரத்துக்குச் சற்றே மிகுதி. 1948இல் அந்நாட்டில் தேசிய மருத்துவப் பணி தொடங்கியபின், நம் நாட்டு மருத்துவர் பலர் அங்குச் சென்றனர். எந்தையாரும் அவருள் ஒருவர். ஊர்ப்புறத்தில் எலும்பு மருத்துவத்திற்குப் பேர்போன மருத்துவமனை ஒன்றுண்டு. ஆக்னஸ் ஹன்ட் என்னும் அம்மையார் 1900இல் வேறொரு சிற்றூரில் தொடங்கியது. 1921இல் ஆஸ்வெஸ்ட்ரிக்கு வந்து சேர்ந்தது. தந்தையார் அங்குப் பணிபுரிந்தார். நாங்கள் 1960 முதல் 1969 வரை அவ்வூரில் வளர்ந்தோம்.

அவ்வூருக்குப் பழம்பெருமை பல உண்டு. ஊரின் வடபால் இரும்புக் காலத்து மண்கோட்டை ஒன்று, சுற்றுச் சுற்றாக வரப்புகள் உயர்ந்து நிற்கிறது. போரின் கொடுமையைப் பாடிய கவிஞர் வில்ஃப்ரெட் ஓவன் 1893இல் அங்கே பிறந்தார். முதல் உலகப்போர் முடிவதற்கு ஒரு வாரம் இருக்கையில், 1918 நவம்பர் 4ஆம் நாள் களத்தில் மாண்டார். இவற்றையெல்லாம் பள்ளியில் படித்தோம். ஆயினும், சிறுவராகிய எங்களுக்கு அது புதன்கிழமை ஊர். வாரத்தின் ஏனைய நாட்களெல்லாம் புதன்கிழமைக்காகக் காத்திருக்கும் நாட்களே.

புதன்கிழமைச் சந்தைக்கு 1190ஆம் ஆண்டிலேயே உரிமை வழங்கப்பெற்றது என்பர். பொழுது புலரும்போதே ஆடுகளையும் மாடுகளையும் ஏற்றிய வண்டிகள் வரத் தொடங்கும். மழைக்கோட்டும் தட்டைத் தொப்பியும் அணிந்த பண்ணையார்கள், கையில் கோலுடன் இரும்புக் கம்பித் தட்டிகளின்மேல் சாய்ந்து நிற்பர். ஏலம் விடுபவரின் பேச்சு ஒரு சொல்லும் விளங்காத வேகத்தில் பாட்டுப்போல் ஓடும். கேட்பவரோ வாய் திறவார். ஒருவர் புருவம் அசையும், ஒருவர் கோல்நுனி உயரும், மாடு கைமாறிவிடும். விலையைக் கினி என்னும் கணக்கில் சொல்வர். ஒரு கினி 21 ஷில்லிங். விற்றவர் வாங்கியவர் கையில் ஒரு நாணயத்தைத் திருப்பித் தருவதும் உண்டு. அதற்கு அதிர்ஷ்டக் காசு என்று பெயர். நம் மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் வழக்கத்தைத் தந்தையார் சொல்ல, நாங்கள் அதைப் பள்ளியில் செய்து காட்டினோம். பண்ணை வீட்டுப் பிள்ளைகள் அதனை உடனே கற்றுக்கொண்டனர்.

எங்களைப் பெரிதும் ஈர்த்தது அச்சந்தையின் மொழியே. ஆங்கிலத்தை மட்டும் எதிர்பார்த்துச் சென்ற எங்கள் செவியில் வேறொரு மொழி விழுந்தது. எல்லைக்கு அப்பாலிருந்து இறங்கி வந்த மலைப்பண்ணையார்கள் தங்களுக்குள் வெல்ஷ் மொழியிலேயே உரையாடினர். நாய்களுக்கு ஏவியதும் அம்மொழியிலே. அவ்வூருக்கும் அவர்கள் மொழியில் க்ரோய்ஸ் ஓஸ்வால்ட் என்று வேறு பெயர் உண்டு. ஆஸ்வால்டின் சிலுவை என்பது பொருள். ஊரினுள்ளேயே குடியிருந்த வெல்ஷ் மக்கள் ஞாயிறுதோறும் தங்கள் வழிபாட்டுக் கூடத்தில் தம் மொழியில் பாடுவர். பிழைப்புக்காகப் பிற மொழி வழங்கும் ஊருக்கு வந்தவர் வாரம் ஒருமுறை கூடித் தம் மொழியைக் காதாரக் கேட்டுச் செல்வதைப் பற்றி, இம்மன்றத்தில் அமர்ந்திருப்போருக்கு நாங்கள் விளக்க வேண்டுவதில்லை.

கூடையில் வெண்ணெயும் முட்டையும் கொண்டுவந்து விற்கும் வெல்ஷ் மூதாட்டி ஒருவர் இருந்தார். எங்கள் அன்னையார் புலால் உண்ணாதவர். பிளந்த பட்டாணியில் சாம்பார் வைத்து, முட்டைக்கோசைப் பொரியல் செய்து, குளிரில் தயிர் உறையாமற்போகக் கணப்பருகே பாலை வைத்துக் காத்து, எப்படியோ குடித்தனம் நடத்தினார். 1963 சனவரி, அந்த நூற்றாண்டிலேயே மிகக் குளிர்ந்த சனவரி. அம்மாதம் எங்கள் வீட்டில் தயிரே இல்லை. உருக்கி நெய்யாக்க அம்மையாரின் வெண்ணெய் வேண்டும். எங்களுக்கு முட்டை வேண்டும். இருவருக்கும் ஆங்கிலம் பாதியே வரும். ஆகவே அவர் "போரே தா" என்று காலை வணக்கம் சொல்ல, அன்னையார் "வணக்கம்" என்பார். முட்டையை எண்ணும்போது ஈன், தை, த்ரி, பெத்வர், பிம்ப் என்று அவர் எண்ணுவார். இரண்டுக்குத் தை என்று பெயர் என அறிந்து அன்னையார் நகைத்தார். பின்னர் இருவரும் சேர்ந்தே எண்ணுவர்.

1966இல் ஊருக்கு ஒரு பேரிழப்பு நேர்ந்தது. அவ்வூர் முன்னாளில் கேம்ப்ரியன் இரயில்வேயின் தலைமையிடம். அவ்வாண்டு இரயில் பட்டறையும் மூடப்பெற்றது. கடைசிப் பயணி வண்டியும் நவம்பரில் நின்றது. "இரயில் போயிற்று, சந்தை இருக்கிறதே" என்று ஊரார் ஆறுதல் சொல்லிக்கொண்டனர்.

மறு ஆண்டு அதற்கும் இடையூறு வந்தது. 1967 அக்டோபர் 25ஆம் நாள், ஊரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள நான்ட்மாவர் என்னும் சிற்றூரின் பண்ணையொன்றில், பன்றிகளுக்குக் கோமாரி நோய் கண்டது உறுதியாயிற்று. சில வாரங்களில் அது பல மாவட்டங்களுக்குப் பரவியது. அடுத்த கோடைக்குள் 2,300க்கும் மேற்பட்ட இடங்களில் நோய் கண்டது. 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. நோய்கண்ட பண்ணையில் நலமாயிருந்த மாடும் தப்பவில்லை. பெருங்குழி வெட்டிப் புதைத்தனர், அடுக்கி எரித்தனர். அப்புகையின் நாற்றம் துணியில் ஏறிக்கொண்டது என்பதில் நாங்கள் மூவரும் ஒருமனம்.

அன்னையாருக்கு இது விளங்கவேயில்லை. "நம் ஊரிலும் கோமாரி வரும். வாய்ப்புண்ணுக்கும் குளம்புப் புண்ணுக்கும் மருந்திட்டுக் காப்பாற்றுவார்களே! சுட்டுக் கொல்வதா?" என்றார். வளர்ந்த மாடு இந்நோயால் பெரும்பாலும் சாவதில்லை, ஆயினும் பாலும் எடையும் குறைந்துபோகும், நோய் காற்றிலேயே மைல்கணக்கில் செல்லும், தீவு முழுவதும் பரவவிட அரசு ஒப்பாது என்று தந்தையார் விளக்கினார். அன்னையார் கேட்டுக்கொண்டார், ஏற்றுக்கொள்ளவில்லை. இறந்த கால்நடைக்கு அரசு ஈட்டுத்தொகை வழங்கியது உண்மை. எங்கள் வகுப்பில் பண்ணைவீட்டுச் சிறுவன் ஒருவன் பல வாரம் வரவில்லை. வந்தபின், தங்கள் பசுக்கள் ஒவ்வொன்றின் பெயரையும் வரிசையாக ஒரு தாளில் எழுதி மேசைக்குள் வைத்திருந்தான்.

கால்நடை ஏலம் நின்றது. வழிகளிலும் வாயில்களிலும் கிருமிநாசினி தோய்த்த வைக்கோலைப் பரப்பினர். அப்போதுதான் ஊர்ப் பெரியவர்கள் ஒரு பழைய கல்லைப் பற்றிப் பேசினர். க்ரோய்ஸ்வைலன் என்னும் அக்கல் நடுவில் குழியுடையது. ஒரு சிலுவையின் அடிக்கல். 1559இல் கொள்ளைநோய் வந்தபோது சந்தையை ஊருக்கு வெளியே அக்கல்லருகே நடத்தினர் என்றும், குழியில் நீர் நிரப்பி நாணயங்களை அதில் கழுவியே கைமாற்றினர் என்றும் சொல்வர். கொள்ளைநோயிலும் நிற்காத சந்தை இப்போது நின்றதே என்பது அவர்கள் வருத்தம். எங்களுக்கோ வேறு வருத்தம். புதன்கிழமை வந்தது, தெருவில் வெல்ஷ் ஒலியே இல்லை. கடைகள் திறந்திருந்தும் ஊர் ஊமையாகிவிட்டது போலிருந்தது. பண்ணையை விட்டு எவரும் வெளிவரக் கூடாதாகையால் மூதாட்டியும் வரவில்லை. அவர் பண்ணை எத்திசையில் என்றுகூட நாங்கள் கேட்டு வைத்திருக்கவில்லை. கேட்கும் வழக்கமும் அங்கில்லை.

1968 வசந்தத்தில் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன. ஒரு புதன்கிழமை அவர் பழைய இடத்தில் நின்றிருந்தார். கூடையில் முட்டை மட்டும் இருந்தது. கோழிக்கு அந்நோய் வருவதில்லை. வெண்ணெய் எங்கே என்று அன்னையார் கேட்கவில்லை. இருவரும் சேர்ந்து பன்னிரண்டு வரை எண்ணினர். அன்னையார் மேலும் ஒரு பன்னிரண்டு கேட்டார். அத்தனை முட்டை எங்களுக்குத் தேவையில்லை. வாரந்தோறும் அவ்வாறே வாங்கினார். அண்டை வீட்டாருக்கெல்லாம் முட்டை கொடுத்தோம்.

அவர் புதிதாகப் பசு வாங்கி, வெண்ணெய் மீண்டும் கூடைக்கு வந்தபோது, எங்கள் வீட்டில் பெட்டிகள் கட்டத் தொடங்கியிருந்தோம்.